கையெழுத்துப் போட்டது யார்?

செப்டம்பர் 4

சுண்டு,

பதினோரு மாதம் கழித்து உனக்கு எழுதுகிறேன். போனில் கூப்பிட்டுக் கூப்பிட்டு விரல் தேய்ந்ததுதான் மிச்சம். எப்போது அடித்தாலும் நீ தொடர்பு எல்லைக்கு வெளியே. மலைமேல் இருக்கும் நீரேற்று நிலையத்துக்கு சிக்னல் ஏறாமல் இருக்கலாம், தபால்காரர் ஏறுவார் அல்லவா?

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. தையற்காரர் செத்த நான்காம் நாள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மாற்றல் வாங்கிக்கொண்டு பெட்டியைத் தூக்கியவன் நீ. கடைசியாக ஒரு தடவை முகத்தைப் பார்க்கக்கூட வரவில்லை. உனக்கு எத்தனை சட்டை தைத்துத் தந்திருப்பார் அந்த மனுஷன்!

சரி, செய்திக்கு வருகிறேன். நான் மேயர் தேர்தலில் நிற்கிறேன். சிரிக்காதே. பத்தொன்பது வருடம் இந்த நகரத்தில் பேருந்து ஓட்டியிருக்கிறேன். எந்தத் தெருவில் எந்தப் பள்ளம் என்று இப்போதைய மேயரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். உன் அத்தான் மட்டும்தான், "பஸ்ஸைவிடப் பெரிய வண்டி இது, பிரேக் உன் காலடியில இருக்காது, பாத்துக்க" என்கிறார்.

நிற்பதற்குக் காரணம் நம் நான்காம் பிளாக் லிஃப்ட்தான். அன்றைக்குப் பூட்டினதை இன்னும் திறக்கவில்லை. ஒன்பதாவது மாடிக்கு நூற்று அறுபத்திரண்டு படி, எனக்கு மூச்சு வாங்குகிறது. பதினோராவது மாடியில் தையற்காரர் மனைவி இந்த வருடம் நான்கு தடவைதான் கீழே இறங்கியிருக்கிறாள். முழங்கால் இரண்டும் போய்விட்டது. சன்னல்தான் அவளுக்குத் தெரு.

அவர் ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டிருந்தார். பட்டப்பகல், எல்லோரும் வேலைக்குப் போயிருந்த நேரம். அபாய மணியை அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறார், அது ஒலிக்கவே இல்லை. கதவைத் திறந்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி இருந்தார், நெஞ்சு நின்று நேரமாகிவிட்டது என்றார்கள். லிஃப்டுக்குள் சான்றிதழ் மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டம் அன்று சாயங்காலமே காலி. மாநகராட்சி அலுவலகத்தில் மூன்று மனு கொடுத்துவிட்டேன். "கோப்பு காணவில்லை" என்று மூன்று பதில்.

இருபத்தெட்டாம் தேதி நகர மண்டபத்தில் வேட்பாளர் விவாதம். மேயர், மருந்துக்கடைக்காரர், நான், மூன்றே பேர். நகரவாசிகள் நேரடியாகக் கேள்வி கேட்கலாம். அந்த லிஃப்ட் நன்றாக இருக்கிறது என்று யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறான். நீ லிஃப்ட் பிரிவில்தானே இருந்தாய்? உனக்குத் தெரியாமல் இருக்காது. எனக்கு அந்தப் பெயர் மட்டும் வேண்டும்.

அக்கா


செப்டம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தை உறையின்மேல் பார்த்ததும் உடனே பிரிக்கத் தைரியம் வரவில்லை. மேசையில் வைத்துவிட்டு ஒரு சுற்று பம்புகளைப் பார்த்துவிட்டு வந்துதான் படித்தேன். நீ தேர்தலில் நிற்பது உண்மையிலேயே சந்தோஷம்.

இங்கே நான்கு பம்புகள். எந்நேரமும் மூன்றாவது ஓடிக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. என் வீட்டுக்காரி இப்போது வீட்டுக்குள்ளும் கத்தித்தான் பேசுகிறாள். சுற்றிலும் கம்பி வேலி, ஒரே ஒரு கேட், ஒரே ஒரு பாதை. வாரம் ஒருமுறை குளோரின் லாரி வரும். அதன் டிரைவர்தான் எங்களுக்கு வெளியுலகம்.

நீ கேட்டதைப் பற்றி. பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது அக்கா? கையெழுத்துப் போடுகிறவர்கள் எல்லாம் சின்னவர்கள். மேலே இருப்பவர்கள் சொன்னதைச் செய்கிறவர்கள். அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். விவாதத்தில் குப்பையைப் பற்றிப் பேசு. குடிநீரைப் பற்றிப் பேசு. ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் ஏறுகிறது, எத்தனை கசிந்து போகிறது என்ற விவரமெல்லாம் என்னிடம் இருக்கிறது, அனுப்புகிறேன். மேயரால் பதில் சொல்ல முடியாது. லிஃப்டை விட்டுவிடேன்.

போன வாரம் மேயரின் உதவியாளர் இவ்வளவு தூரம் ஏறி வந்திருந்தார். இந்தப் பக்கம் வந்தேன், சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றார்.

உடம்பைப் பார்த்துக்கொள். படி ஏறும்போது இடையில் உட்கார்ந்து ஏறு.

தம்பி


செப்டம்பர் 14

சுண்டு,

உன்னிடம் லிட்டர் கணக்கு கேட்டேனா நான்?

நான்காயிரம் நோட்டீஸ் அச்சடித்தாகிவிட்டது. ஒரே வரி: "கையெழுத்துப் போட்டது யார்?" பசை காய்ச்சுவது தையற்காரர் மனைவி. இறங்கத்தான் முடியாது, கிண்ட முடியும் என்கிறாள். தினமும் வேலை முடிந்து பதினோராவது மாடிக்கு ஏறி அவள் அடுப்படியில் உட்கார்ந்து நானும் கிண்டுகிறேன். நேற்று கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"பேரு கெடச்சுதா?"

"என் தம்பி எழுதுவான்" என்றேன்.

"நல்ல புள்ள அது. என் வீட்டுக்காரருக்குன்னா உசுரு" என்றாள்.

மேயர் நேற்று வானொலியில் பேசினார். நகரவாசிகளுக்குப் பதில் சொல்லத்தான் தன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். குரல் தேன் மாதிரி ஒழுகுகிறது. பதில் மட்டும் வருவதில்லை.

சும்மா பார்க்க மேயரின் ஆள் மலை ஏறுவானா? என் காதில் பூ வைக்காதே. உன்னை மிரட்டினானா? யாரையோ காப்பாற்றப் பார்க்கிறாய், அது மட்டும் புரிகிறது. கூட வேலை பார்த்தவன், பாவம், பிள்ளைகுட்டிக்காரன் என்று இரக்கப்படுகிறாயா? உன் வேலைக்கு விண்ணப்பப் படிவம் வாங்க வெயிலில் வரிசையில் நின்றவள் நான். அந்த உரிமையில் கேட்கிறேன். மேடையில் அவன் பெயரைச் சொல்வதாக வீடு வீடாகச் சொல்லியிருக்கிறேன். அவன் எவனாக இருந்தாலும் சொல்வேன். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று எழுது. அக்கா இருக்கிறேன்.

அக்கா


செப்டம்பர் 19

அக்கா,

நான்தான்.

இதற்குமேல் எப்படி எழுதுவது என்று தெரியாமல் நான்கு தாளைக் கிழித்துவிட்டேன். என் வீட்டுக்காரி வாசலில் நின்றுகொண்டு, "நீங்க எழுதுறீங்களா, இல்ல நான் எழுதட்டுமா?" என்கிறாள். அவளுக்கே போன வாரம்தான் சொன்னேன்.

போன வருடம் ஜூன் மாதம். நகரத்துக் குடியிருப்புகளில் முப்பத்தொரு லிஃப்ட். எல்லாம் சோதித்தாகிவிட்டது என்று மேயரின் ஆண்டறிக்கையில் வர வேண்டும் என்று சொல்லி, இரண்டே நாள் கொடுத்தார்கள். ஒரு லிஃப்டை ஒழுங்காகச் சோதிக்க அரை நாள் வேண்டும். நான் அவசர அவசரமாகப் பதினொன்றைத்தான் பார்த்தேன். அதில் நம் பிளாக்கும் ஒன்று. உன் வீட்டுக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? டீ போட்டுக் கொடுத்தாய். ஏன் இப்படி வியர்த்திருக்கிறாய் என்று கேட்டாய்.

அபாய மணியை அழுத்தினேன். ஒலிக்கவில்லை. கீழே காவலாளி அறைவரை போக வேண்டிய கம்பி பாதியில் அறுந்து கிடந்தது. கதவுப் பூட்டும் தளர்ந்திருந்தது. பயன்படுத்தக் கூடாது என்று என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போய்ப் பிரிவு அதிகாரியிடம் காட்டினேன். அவர் உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, குறிப்பேட்டிலேயே சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார். "கம்பி இழுக்க ஆள் வருவான்யா. நீ கையெழுத்தைப் போடு. உனக்கு மட்டும்தான் மனசாட்சி இருக்கா?" என்றார். முப்பத்தொரு தாளையும் அடுக்கி வைத்திருந்தார். நான் உட்கார்ந்து போட்டேன். கடைசி ஐந்தாறில் என் கையெழுத்தே எனக்கு அடையாளம் தெரியாத மாதிரி இருந்தது.

ஆள் வரவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை. நான்கு மாதம், அக்கா. கேட்டிருக்கலாம்.

மேயரின் உதவியாளர் எதற்கு வந்தார் என்று இப்போது உனக்குப் புரியும். சான்றிதழின் நகலைக் கொண்டுவந்து காட்டினார். "உங்க அக்கா மேடையில இதைக் கேட்டாங்கன்னா, மேயர் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் படிப்பாரு. கேக்கலைன்னா அது பையிலயே இருக்கும். வீட்டு விஷயம், நீங்களே பேசி முடிச்சுக்குங்க" என்றார். நீ கேட்டால் நானும் போனேன், நீயும் போனாய். கேட்காவிட்டால் அவர்கள் ஜெயித்துவிடுகிறார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

என்னைத் திட்டு. திட்டாமல் மட்டும் இருந்துவிடாதே.

தம்பி


செப்டம்பர் 22

மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறையும் அதுவேதான் இருந்தது.

திட்ட வாய் வரவில்லை. சட்டை தைக்க அளவெடுக்கும்போது உனக்குக் கூச்சம் தாங்காமல் நெளிவாய், அவர் சிரிப்பார். அது மட்டும் கண்ணுக்குள் வந்து வந்து போகிறது.

உன் அத்தானிடம் சொன்னேன். அவர், "சொன்னா தம்பி போச்சு. சொல்லலைன்னா நீ போச்சு. நான் என்னத்தச் சொல்ல?" என்று எழுந்து போய்விட்டார்.

நகரம் முழுக்க என் நோட்டீஸ். பேருந்து நிறுத்தத்தில், பால் கடையில், தண்ணீர்த் தொட்டிச் சுவரில். வண்டி ஓட்டிக்கொண்டு போகிற வழியெல்லாம் அது என்னைப் பார்த்தே கேட்கிறது. வாபஸ் வாங்கலாம் என்றால் தேதி முடிந்துவிட்டது.

இன்றைக்கும் பசை கிண்டப் போனேன். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பாள். "உம்முன்னு இருக்கியே, தொண்டை கட்டிக்கிச்சா? மேடையில பேசணும், கத்தாத" என்று வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

உன் லிட்டர் விவரத்தை அனுப்பு. குப்பையைப் பற்றியும் பேசுகிறேன்.


செப்டம்பர் 25

அக்கா,

லிட்டர் விவரம் இதில் இல்லை. என் குறிப்பேட்டை அனுப்புகிறேன். மாற்றலாகி வரும்போது ஒப்படைக்கச் சொன்னார்கள், தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லி வைத்துக்கொண்டேன். ஏன் வைத்துக்கொண்டேன் என்று எனக்கே தெரியவில்லை. ஜூன் பதினொன்றாம் தேதிப் பக்கத்தைப் பார். பிரிவு அதிகாரியின் சிவப்பு மையும் அங்கே இருக்கிறது.

தபாலை நம்பவில்லை. குளோரின் லாரி டிரைவர் உன் கையிலேயே கொடுப்பார்.

குப்பையைப் பற்றிப் பேசு என்று உனக்கு எழுதியவன் நான்தான். நீ அதையே திருப்பி எழுதினபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நீ பேசாதே அப்படி. அதே சமயம் என் பெயரைச் சொல்லிவிடு என்று எழுதவும் கை வரமாட்டேன் என்கிறது. இங்கே குவார்ட்டர்ஸை விட்டால் எங்களுக்குப் போக இடமில்லை. உள்ளே வைத்துவிட்டால் இவள் எங்கே போவாள்? இதையெல்லாம் எழுதி உன் கையைக் கட்டுகிறேன் என்றும் தெரிகிறது. முடிவை உன் தலையில் போடுகிறேன். கோழைதான். மன்னித்துக்கொள்.

தம்பி


செப்டம்பர் 30

சுண்டு,

இதற்குள் உன் காதுக்கு வந்திருக்கும். இருந்தாலும் என் வாயால் கேள்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. முதல் முக்கால் மணி நேரம் குப்பை, தெருவிளக்கு, குடிநீர். மேயர் நடுவில், இரண்டு பக்கமும் நாங்கள். மருந்துக்கடைக்காரர் நன்றாகவே பேசினார், கொஞ்சம் தூக்கம் வரும்படி. நானும் பேசினேன். கை தட்டினார்கள். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. மடியில் கைப்பை, அதற்குள் உன் குறிப்பேடு. அந்த நிமிஷம்வரை நான் எதையும் முடிவு செய்யவில்லை, இது சத்தியம்.

அப்புறம் நகரவாசிகள் கேட்கும் நேரம். முதல் பெயர் தையற்காரர் மனைவி. நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் படி இறங்கி வந்திருந்தாள். மைக்கைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கவே முடிந்தது.

"எங்க வீட்டுக்காரரு ஏறின லிஃப்டு நல்லாருக்குன்னு கையெழுத்துப் போட்டது யாரு? மூணு பேருல யாருக்குத் தெரியும்?"

மருந்துக்கடைக்காரர், "தெரியாதும்மா. தெரிஞ்சா கட்டாயம் சொல்லுவேன்" என்றார். மேயர் சிரித்தார். "டிரைவரம்மாதானே நோட்டீஸ் ஒட்டினாங்க, அவங்களே முதல்ல சொல்லட்டும்" என்றபடி வலது கையைச் சட்டைப்பைக்குள் விட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்லப் போகிறேன் என்று ஆசையாகப் பார்த்தாள்.

"தெரியும். என் தம்பி" என்றேன்.

குறிப்பேட்டை எடுத்துப் படித்தேன். நான்காம் பிளாக், அபாய மணி வேலை செய்யவில்லை, கதவுப் பூட்டு தளர்வு, பயன்படுத்தக் கூடாது. கீழே சிவப்பில்: "பழுது பிறகு. சான்று இன்றே. மேயர் அலுவலகம் சொன்னபடி."

மேயர் அசரவில்லை. "அது என் கையெழுத்து இல்லீங்க. கோப்பே காணாமப் போச்சு, எதை வெச்சு நம்புறது?" என்றார். கை இன்னும் பைக்குள்ளேயே இருந்தது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

"கோப்பு காணாமப் போச்சுன்னா, அதுல இருந்த சான்றிதழ் உங்க பைக்குள்ள எப்படி வந்துச்சு? கையை வெளிய எடுங்க, எல்லாரும் பாக்கட்டும்" என்றேன்.

கையை எடுத்தால் தாளும் வரும். எடுக்காமலும் இருக்க முடியவில்லை. பின்வரிசையிலிருந்து "எடுய்யா! எடுய்யா!" என்று கத்த ஆரம்பித்தார்கள். அவர் அப்படியே, கை பைக்குள் இருக்க, எழுந்து மேடையை விட்டு இறங்கிப் போனார். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. ஜெயித்துவிட்டோம் என்று எவனோ என் தோளைத் தட்டினான்.

நான் இறங்கி அவளிடம் ஓடினேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எப்போலேருந்து தெரியும்?"

"இருபத்திரண்டாம் தேதியிலேருந்து."

விரல் விட்டு எண்ணினாள். "ஆறு நாளு. அந்த ஆறு நாளும் என் அடுப்படியில உக்காந்து பசை கிண்டினியே."

கையைப் பிடிக்கப் போனேன், உதறிவிட்டாள். படியில் ஒவ்வொரு மாடிக்கும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். நான் ஒரு மாடி இடைவெளி விட்டுப் பின்னாலேயே ஏறினேன். ஒன்பதாவது மாடி வந்ததும் என் வீட்டுக்குள் போக வேண்டியதாயிற்று.

உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். தப்பு என்று தோன்றவில்லை, சரி என்று நெஞ்சு நிமிரவும் இல்லை. அவர்கள் வந்து உன்னைப் பிடிப்பதற்குமுன் நீயே இறங்கி வா. உன் வீட்டுக்காரியை இங்கே அனுப்பு. இடம் இல்லை என்று எழுதினாயே, நான் என்ன செத்தா போய்விட்டேன்?

அக்கா


அக்டோபர் 20

சுண்டு,

சிறைக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்களாம். படிக்கட்டும்.

தோற்றேன். மருந்துக்கடைக்காரர்தான் மேயர். நான் இரண்டாவது, பழைய மேயர் மூன்றாவது. என் தைரியத்தைப் பாராட்டிவிட்டு ஓட்டை அவருக்குப் போட்டுவிட்டார்கள். "தம்பி கையெழுத்துப் போடுவான், அக்கா கேள்வி கேப்பாளாம்" என்று என் பேருந்திலேயே ஒருவன் பேசிக்கொண்டு வந்தான். டிக்கெட் வாங்கினவன், பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

பழைய மேயரையும் பிரிவு அதிகாரியையும் விசாரிக்கிறார்கள். லிஃப்டைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள், புதுசு வர இன்னும் இரண்டு மாதமாம். உன் வீட்டுக்காரி இங்கே நன்றாக இருக்கிறாள். உன் அத்தானிடமும் கத்தித்தான் பேசுகிறாள், அவரும் பதிலுக்குக் கத்துகிறார்.

தையற்காரர் மனைவி என்னைப் பார்ப்பதில்லை. வாசலில் காய்கறிப் பையை வைத்துவிட்டு வந்தால் அது அங்கேயே கிடக்கிறது. மறுநாள் நானே எடுத்து வருகிறேன். ஒரு கட்டடத்துக்குள் இரண்டு மாடி தள்ளி இருந்துகொண்டு இப்படி. நேற்று உன் வீட்டுக்காரியிடம் மட்டும் சிறையில் பார்வையாளர் நாள் எது என்று கேட்டாளாம். எதற்கு என்று தெரியவில்லை.

அக்கா


நவம்பர் 3

அக்கா,

தையற்காரர் மனைவி வந்திருந்தார்.

இங்கே பார்வையாளர் அறையில் நடுவில் கம்பி வலை, இரண்டு பக்கமும் பெஞ்சு. எங்கள் அறையில் ஆறு பேர். படுத்தால் ஒருவர் கால் ஒருவர் தலையில் இடிக்கும். பெயரைக் கூப்பிட்டதும் நீதான் என்று நினைத்து வந்தேன். அவரைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. காவலர் பின்னால் நின்றார். உட்கார்ந்தேன்.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் வேணாம். ஒண்ணே ஒண்ணு கேக்க வந்தேன். அன்னிக்கு லிஃப்டுல ஏறிப் பாத்தியே, மணி அடிக்கலைன்னு தெரிஞ்சுதே. அக்கா வீட்டுல டீ குடிச்சியாமே, உன் வீட்டுக்காரி சொன்னா. அங்கேருந்து நீ எப்படிக் கீழ இறங்கின?"

இந்த இரண்டு மாதமாக எல்லாரும் என்னை என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள். போலீஸ் கேட்டது, வக்கீல் கேட்டார், நீ கேட்டாய். இதை மட்டும் யாரும் கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. உனக்கு எழுதிய கடிதத்திலும் விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை, வேண்டுமென்றேதான் விட்டேன்.

"படியில இறங்கினேன்" என்றேன்.

அவர் அழவில்லை. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் என்னையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் தலையைக் குனியவில்லை. குனியக் கூடாது என்று தோன்றியது. காவலர் நேரமாகிவிட்டது என்றதும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இதைக் கோர்ட்டுல சொல்லுவியா?" என்றார். "சொல்லுவேன்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு, காலை இழுத்து இழுத்து வாசல்வரை போனார்.

வக்கீலிடம் சொன்னேன். "யோவ், இதைச் சொன்னா எல்லாமே மாறிடும். உத்தரவுக்குப் பயந்து போட்டேன்னு சொல்லித் தப்பிக்கலாம்னு இருந்தேன். நீயே அதுல இறங்கப் பயந்திருக்கேன்னா, ஆபத்துன்னு தெரிஞ்சே போட்டதா ஆயிடும், கூட ரெண்டு மூணு வருஷம் உள்ள இருக்கணும்" என்றார். அது உண்மைதான். ஆபத்து என்று தெரிந்தேதான் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு விசாரணை. அவரும் வருவாராம், உன் வீட்டைத் தாண்டித்தான் படியிறங்க வேண்டும். நீ வர வேண்டாம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

வா, அக்கா.

தம்பி